தலையைத் தட்டுகிற ஆள்

"நாம எதுக்கு அம்மிணி இங்க வெட்டியா நிக்கோணும்?" என்று கேட்டார் சென்னியப்பன்.

கலாமணி பள்ளிக்கூட வேன் ஒன்றுக்குக் கை காட்டி வழி விட்டுக்கொண்டிருந்தாள்.

நால்ரோட்டில் போக்குவரத்துப் போலீசுக்கு ஒத்தாசையாக நிற்கிற தொண்டர்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். சென்னியப்பன் அவளைவிட ரொம்பப் பெரியவர், சொந்தத் தறி வைத்திருப்பவர், ஊரில் நாலு பேர் எழுந்து நின்று பேசுகிற மனிதர். ஆனாலும் தொண்டர்களின் மின்னுகிற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்ட அன்றே, "நீ சொல்றபடி நிக்கறேன் அம்மிணி" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

குருவான அவள் அவரை 'அண்ணா' என்று கூப்பிடுவாள். சீடரான அவர் அவளை 'அம்மிணி' என்று கூப்பிடுவார். அந்த ஊரில் அது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை.

அவர் தொண்டராக வந்த காரணம் எல்லோருக்கும் தெரியும். போன ஆடியில் இதே ரோட்டில் தம்பி குழந்தைவேலுவைப் பறிகொடுத்தார். தம்பியின் ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஹெல்மெட் இல்லாமல் போகிற ஒருத்தனையும் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினார். ஆனால் தொண்டருக்கு அபராதம் போட அதிகாரம் கிடையாது. கை காட்டலாம், எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். பிடிக்கிற வேலை எஸ்.ஐ.யுடையது.

"வெட்டியாங்ணா நிக்கறோம்?" என்றாள் கலாமணி, வேன் போன பிறகு.

"பின்னே? எஸ்.ஐ. சார் காலைல இருந்து வண்டி பிடிக்கறாரு. நீ லேட்டா வந்தே, உனக்குத் தெரியாது. எத்தனை பேரு மாட்டினான்? ஒண்ணு ரெண்டு. வர்றவன் பூரா ஹெல்மெட்டோட வர்றான்."

"நல்லதுதானுங்ணா."

"என்ன நல்லது? ஊரே திருந்திருச்சா? வளைவுக்கு அக்கட்ட எவனோ நின்னுக்கிட்டுத் தகவல் குடுக்கறான். தலையைத் தட்டிக் காட்டறானாம். இவனுங்க உடனே எடுத்து மாட்டிக்கறானுங்க."

"தட்டினா மாட்டிக்கறாங்களாங்ணா?"

"நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்கற?"

அவள் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு விடியறப்பவே போயி வளைவுல மறைஞ்சு நிக்கப் போறேன். எஸ்.ஐ. சார்கிட்டயும் சொல்லிப்போட்டேன். அந்த ஆளை அவரு முன்னாடி கொண்டாந்து நிறுத்தறேன்னு."

"ஆள் கெடைச்சா என்னங்ணா பண்ணுவீங்க?"

"சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்."

"சரிங்ணா," என்றாள் குரு.

மறுநாள் சென்னியப்பன் சொன்னபடியே போனார். மொபெட்டைப் புளியமரத்து மறைவில் நிறுத்தினார். அந்த வளைவில்தான் குழந்தைவேலு விழுந்தான். அதற்குப் பிறகு அவர் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறார், ஒரு தடவைகூட நின்றதில்லை. இன்றைக்குத் தம்பிக்காக நிற்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெளிச்சம் வந்ததும் ரோட்டோரம் ஓர் ஆள் தெரிந்தது.

மின்னுகிற ஜாக்கெட் போட்டிருந்தது.

ஒரு பைக் வந்தது. ஜாக்கெட்டுக்காரர் தன் தலையைத் தட்டிக் காட்டி, முன்னால் கை நீட்டினார். பைக்காரன் ஓரம் கட்டி, டேங்க் மேல் இருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டினான். ஜாக்கெட்டுக்காரர் தாடையைத் தொட்டுக் காட்டினார். அவன் பட்டையையும் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

சென்னியப்பன் மறைவிலிருந்து வெளியே வந்தார். அது கலாமணி.

"நீயா அம்மிணி?"

"நான்தானுங்ணா." கொஞ்சம் பொறுத்து, "சட்டையைப் பிடிக்கலீங்களாங்ணா?" என்றாள்.

"விளையாடாதே. போலீஸ்காரரு நம்மளை நம்பி இந்த ஜாக்கெட்டைக் குடுத்திருக்காரு. நீ தப்புப் பண்றவனுக்கு வழி காட்டிக்கிட்டு நிக்கறே."

"வழியைக் காட்டலீங்ணா. தலையைத்தான் காட்டறேன்."

"அபராதம் கட்டினாத்தான் அவனுக்கு வலிக்கும். வலிச்சாத்தான் புத்தி வரும்."

"வரட்டுமுங்ணா. எஸ்.ஐ. சார் அபராதம் போடட்டும். அவருகிட்டப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி இந்த வளைவைத் தாண்டோணுமில்லீங்களா?"



"என் தம்பி கெடந்த இடத்துல நின்னுக்கிட்டு எனக்கே சொல்றியா?"

அவள் தார் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவருக்கு அவள் மேல் வந்த கோபம், தம்பி மேல் இருந்த கோபம், கண்ணாடியில் தொங்கிய அந்த ஹெல்மெட்டின் மேல் இருந்த கோபம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. ரோட்டைப் பார்க்கத் திரும்பி நின்று, கையை ஓங்கிப் படார் படாரென்று தன் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியாக அப்படி அடித்துக்கொண்டது ஆஸ்பத்திரி வாசலில்.

எதிரே ஒரு பைக் கிறீச்சிட்டு நின்றது.

புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை. ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பைக்காரர் காலை ஊன்றி அவசர அவசரமாக அதை எடுத்து மாட்டினார். பின்னால் இருந்த பெண்ணும் மடியில் வைத்திருந்ததைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"முன்னாடி பிடிக்கறாங்களாங்ணா?" என்றார் பைக்காரர். "நல்ல நேரத்துல காட்டினீங்க. ரொம்ப தேங்க்ஸுங்க."

பைக் கிளம்பிப் போனது.

சென்னியப்பனின் கை தலை மேலேயே இருந்தது. இறக்க மறந்துபோனார். பைக் வளைவில் சாய்ந்து திரும்புகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அது திரும்பி, நேர் ரோட்டில் ஏறி, மரங்களுக்குள் மறைந்தது.

"தாண்டிட்டான்," என்றார்.

"ஆமாங்ணா."

அவர் புளியமரத்தில் சாய்ந்துகொண்டார். அழுதார். கலாமணி பார்க்காதது மாதிரி இன்னொரு வண்டிக்குத் தலையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் கேட்டபோது குரலில் சண்டை இல்லை.

"எஸ்.ஐ. சாரைத் தாண்டினதும் கழட்டிருவான் அம்மிணி. திரும்பவும் கண்ணாடில தொங்க விட்டிருவான்."

"கழட்டிருவாங்ணா."

"அக்கட்ட யாரு நிக்கறது?"

"பாலம் வரைக்கும் ஒருத்தருமில்லீங்ணா. நான் ஒரு ஆளு, எத்தனை பக்கம் நிக்கறது?"

சென்னியப்பன் ஜாக்கெட் கையால் முகத்தைத் துடைத்தார். ஹெல்மெட்டை மாட்டி, பட்டையை இழுத்துப் பூட்டி, மொபெட்டைக் கிளப்பினார்.

நால்ரோட்டில் எஸ்.ஐ. அவரை வழிமறித்தார். கையில் அபராதம் போடுகிற மிஷின் சும்மா இருந்தது. முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

"என்னங்க சென்னியப்பன், இன்னிக்கு ஒருத்தன்கூடச் சிக்கலை. அந்த ஆளைக் கொண்டாரேன்னு சொன்னீங்க, எங்கே?"

"கண்டுபிடிச்சிட்டேனுங் சார்."

"விட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"பாலத்துக்குங் சார்."

"அங்க என்ன? ஆள் அங்கதான் இருக்கானா? தனி ஆளா, கூட்டமா?"

சென்னியப்பன் வண்டியை நகர்த்திக்கொண்டே சொன்னார்:

"நேத்து வரைக்கும் ஒரு ஆளுதானுங் சார். இன்னிலிருந்து ரெண்டு பேரு."