தாமரைக்குத் தாகம்

மழை பொய்த்த அந்தக் கோடையில் ஏரியில் மிஞ்சியது ஒரு வயலுக்கான தண்ணீர்தான். பாசனச் சங்கத் தலைவர் நல்லசிவம் புதுக் கருவியோடு வந்தார். இலையைக் கிளிப்பால் மூடிக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்து, பிறகு ஒளி பாய்ச்சினால் பச்சையம் சிவப்பாக ஒளிரும். அந்த ஒளிர்வை அளந்து பயிரின் தாகத்தைக் கருவி சொல்லிவிடும்; தாகம் அதிகமுள்ள வயலுக்கே தண்ணீர்.

பக்கத்து வயல்காரி பவளக்கொடியின் கத்தரிச் செடிக்குக் கிளிப் மாட்டி அளந்தார். "லேசான தாகம்." தன் வாழையை மட்டும் கிளிப் இல்லாமல் உச்சிவெயிலில் அளந்தார். "கடுந்தாகம்! தண்ணி எனக்குத்தான்."

"கத்தரி கருகினா என் அடுப்பு எரியாது, தலைவரே!"

"கருவி பொய் சொல்லாது, பவளம்."

அவள் விறுவிறுவென ஏரிக்குள் இறங்கி, தாமரை இலை ஒன்றைப் பிடித்துக் காட்டினாள். "வாழையை அளந்த மாதிரியே இதையும் அளங்க."

அதற்கும் கடுந்தாகம் என்றே காட்டியது.

"அடப்பாவமே! ஏரிக்குள்ள நிக்கிற தாமரைக்கே தாகமாம். முதல்ல இதுக்குத் தண்ணி விடுங்க. இல்லேன்னா என் இலைக்கு மாட்டின கிளிப்பை உங்க வாழைக்கும் மாட்டுங்க."

கரையே சிரித்தது. வேறு வழியில்லாமல் மாட்டினார். வாழைக்குத் தாகமே இல்லை. மடை கத்தரிக்குத் திறந்தது.

அந்தக் கருவி இப்போது எங்கே கிடக்கிறதோ! ஏரியில் தாமரை பூத்தால் மட்டும், "அதுக்குத் தண்ணி விட்டாச்சா?" என்று இன்றும் யாராவது கேட்பார்கள்.