யார் முறை?

குரு கைக்குழந்தைக்காரி. சீடர் பேரன் எடுத்தவர். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்னப் பூங்காவில், மரங்களுக்கு நடுவே அங்கங்கே சங்கிலி தொங்கும் கூடைகளை நட்டு வைத்திருந்தார்கள். பறக்கும் பிளாஸ்டிக் தட்டை வீசி, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, கூடைக்குள் போட வேண்டும். குறைந்த வீச்சில் போட்டவர் கெட்டிக்காரர். அவ்வளவுதான் ஆட்டம்.

அதில் காருண்யாவை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. அவள் கையை விட்டுக் கிளம்பும் தட்டு, மரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கும். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தது போலத் திரும்பிக் கூடைக்கே போகும். அதைப் பார்த்துச் சொக்கிப்போய்த்தான் சென்னியப்பன் அவளைக் குரு என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் விளையாட்டுக்கு. பிறகு நிஜமாகவே.

அவர் ஒரு காலத்தில் கபடியில் பேர் வாங்கியவர். இங்கே வந்த நாள் முதல் கடைசி ஆள். அன்றைக்கு ஒரு முடிவோடு வந்திருந்தார். இன்றைக்கும் இதே கதி என்றால், அவள் கொடுத்த தட்டை அவளிடமே கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடுவது.

மூன்று பேர் வீசினார்கள். காருண்யாவின் தட்டு கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மருந்துக்கடை ரங்கராஜின் தட்டு பாதி வழியில் விழுந்தது. சென்னியப்பனுடையது வேப்பமரத்தில் மோதி, கிட்டத்தட்ட அவர் காலடிக்கே திரும்பி வந்தது.

"தட்டுக்கு உங்களைப் பிரிய மனசில்லீங்ணா" என்றார் ரங்கராஜ்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. பந்தியில் மற்றவர்களை முன்னே உட்காரச் சொல்வது போலக் கையை நீட்டினார்.

"நீங்க முன்னாடி போய் ஆடி முடிங்க. நான் மெதுவா வந்துக்கறேன்."

ரங்கராஜ் கிளம்பப் பார்த்தார். காருண்யா நகரவில்லை. அவரும் நின்றுவிட்டார்.

"போ அம்மிணி. உன்ர தட்டு அங்கயல்லோ கெடக்குது."

"யாருது கூடைக்குத் தூரமாக் கெடக்குதோ, அவங்கதானுங்க மாமா மொதல்ல."

"அதைத்தான் கேக்கறேன். நல்லா வீசறவங்களை நிக்க வெச்சுப்போட்டு, வீசத் தெரியாதவனை மொதல்ல வீசச் சொல்றது என்ன சட்டம்?"

காருண்யா தோளிலிருந்து பையை இறக்கி வைத்தாள். சென்னியப்பனின் தட்டுக்குப் பின்னால் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பையைத் துழாவி, குழந்தைக்கு வைத்திருந்த பொரியை எடுத்து ரங்கராஜுக்கும் ஒரு பிடி கொடுத்தாள். அடுத்து ஆட வந்தவர்களும் ஒன்றும் கேட்காமல் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

சென்னியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். கபடியில் தோற்றவன்தான் கோட்டுக்கு வெளியே போய் உட்காருவான். இங்கே ஜெயிக்கப் போகிறவள் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.

அவர் குனிந்து தட்டை எடுத்தார். வீசினார்.

இந்தத் தடவை மரம் குறுக்கே வரவில்லை. தட்டு நன்றாகவே எழும்பிப் போய், ரங்கராஜின் தட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமே விழுந்தது.

"இப்பவும் என்னுதுதான் தூரம்" என்றார். "நீ குடுத்த தட்டை நீயே எடுத்துக்க அம்மிணி. நான் வரலை."

காருண்யா கையில் ஒட்டிய பொரியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"நான் எப்படீங்க மாமா எடுக்கறது? இன்னும் உங்க முறைதானுங்களே."