பவளத்தின் முதுகும் பட்டுச் சேணமும்

நெடுங்கோட்டை என்றொரு கோட்டை இருந்தது. அது எந்தத் திசையில் என்று என்னைக் கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள். அந்தக் கோட்டையை வயிரசேனன் என்ற ராசா ஆண்ட நாளில், அவருடைய குதிரைகளுக்குச் சேணம் தைத்துக் கொடுத்தவன் வேம்பன். வேலையில் கெட்டிக்காரன்தான், ஆனால் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

ஒரு நாள் ராசாவுக்குக் கடல் கடந்து பவளம் என்ற பெண் குதிரை வந்து இறங்கியது. அதற்குப் பட்டுச் சேணம் தைக்கச் சொல்லி உத்தரவு. பவளத்தைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரன் சடையன், வேம்பனின் பட்டறைக்கே வந்து சொன்னான்.

"அண்ணே, ஒரு எட்டு வந்து அளவு எடுத்துட்டுப் போங்க. இதுக்கு முதுகு ரொம்ப அகலம்."

"முப்பது வருஷமா இதே வேலை பாக்குறேன். குதிரை முதுகு எப்படி இருக்கும்னு எனக்கு நீ சொல்லித் தர்றியா? போய்ப் புல்லு அறுக்குற வேலையைப் பாருடா!"

சடையன் திரும்பிப் போய்விட்டான். வேம்பனோ, ராசாவின் பழைய குதிரைக்கு எடுத்த அளவிலேயே மரச்சட்டத்தை அறுத்தான். அது ஒடிசலான குதிரை. சட்டத்தின் மேல் பஞ்சை வைத்து, அடியில் வெள்ளைத் துணியும் மேலே சிவப்புப் பட்டும் போட்டுத் தைத்தான். அதைக் கொண்டுவந்து வைத்ததும் சபையே வாயைப் பிளந்தது. இப்படி ஒரு சேணம் தேவலோகத்திலும் கிடையாது என்று ராசாவே சொல்லிவிட்டார். ராசா சொன்ன பிறகு வேறு யார் வாயைத் திறப்பார்கள்? நீங்கள் திறப்பீர்களா?

முதல் நாள் ராசா ஏறினார். பவளம் காதைப் பின்னால் மடக்கியது, வாலைச் சுழற்றியது, பின்னங்காலைத் தூக்கி உதறியது. ராசா மண்ணில் கிடந்தார். கடிவாளம் சரியில்லை என்றார்கள், கடிவாளத்தை மாற்றினார்கள்.

இரண்டாம் நாள் வயிற்று வாரை இறுக்கும்போதே பவளம் பல்லைக் காட்டிக் கடிக்க வந்தது. ராசா மறுபடியும் மண்ணில் கிடந்தார். "சேணம் குத்துதுங்க, மகாராசா," என்று சடையன் சொன்னான். ராசா புகழ்ந்த சேணத்துக்கா குறை? அவன் முதுகில் பத்துச் சாட்டையடி விழுந்தது. திடலின் ஓரத்தில் நின்ற வேம்பன் ஒவ்வொரு அடியையும் கேட்டான். குதிரைதான் முரடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மூன்றாம் நாள் ராசா விழுந்த வேகத்தில் கணுக்கால் பிசகிவிட்டது. அவ்வளவுதான், சுழி பார்க்கும் சோதிடரை அழைத்தார்கள். குதிரையின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அந்தக் காலத்து வழக்கம். அவர் பவளத்தைச் சுற்றி வந்தார், தாடியைத் தடவினார்.

"தோள்பட்டைக்குக் கீழே கள்ளச்சுழி! இது எசமானைக் கொல்லுற குதிரை. குதிரைக்காரன் தெரிஞ்சே மறைச்சிருக்கான்."

ராசாவுக்குக் கண் சிவந்தது. உச்சிவேளைக்குப் பவளத்தை ஈட்டியால் குத்த வேண்டும், சடையனின் வலது கையை வெட்ட வேண்டும். தீர்ப்பு அத்தோடு முடிந்தது.

ஈட்டிக்காரர்கள் நால்வர் வந்து நின்றார்கள். சடையன் பவளத்தின் மேலிருந்த சேணத்தைக் கழற்றினான். அப்போதுதான் வேம்பன் அந்த முதுகைக் கிட்டத்தில் பார்த்தான். குதிரையின் உடம்பெல்லாம் வியர்வை சொட்டியது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காய்ந்து கிடந்தது. சேணம் அழுத்திப் பிடித்த இடத்தில் வியர்வை வராது. அதை அவனைவிட நன்றாக அறிந்தவர் அந்தத் திடலில் யாருமில்லை. மெதுவாக விரலை வைத்தான். பவளம் வலியில் துடித்து விலகியது.

ஐயோ, நான் செய்த வேலை இது! வேம்பன் விரலை இழுத்துக்கொண்டான். சொன்னால் தன் தலை போகும். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. பட்டறைக்குப் போகலாம், சூடாகக் கஞ்சி குடிக்கலாம். சடையன் அவனைத் திரும்பிப் பார்த்தான். அளவெடுக்கக் கூப்பிட்டேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் வேம்பனுக்குத் தாங்கவில்லை.

நிழல் காலடிக்கு வந்தது. ஈட்டிகள் உயர்ந்தன.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே வேம்பன் ஓடிப்போய்ப் பவளத்துக்கு முன்னால் விழுந்தான். "மகாராசா, குத்தம் என்னோடது! அளவு எடுக்காமலே சட்டம் அறுத்தேன். குதிரை வலி பொறுக்காமத்தான் தள்ளுச்சு."

"கூட்டாளியைக் காப்பாத்த நாடகமா?" என்றார் ராசா. "எங்கே, காட்டு பார்க்கலாம்!"

வேம்பன் மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவரச் சொன்னான். பவளத்தின் முதுகு முழுக்கப் பூசி, சேணத்தை வைத்துத் தன் இரண்டு கையாலும் அழுத்தினான். பிறகு தூக்கித் திருப்பிப் பிடித்தான். சேணம் பொருந்தியிருந்தால் அடித்துணி முழுக்க மஞ்சளாகியிருக்கும். இதிலோ இரண்டே இடத்தில் மஞ்சள் அப்பியிருந்தது, மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

சோதிடர் விடுவாரா? "மஞ்சள் இருக்கட்டும். சுழி எங்கே போச்சு? அது அங்கேயேதானே இருக்கு!"

ராசா யோசித்தார். "சுழிதான் காரணம்னா, சேணம் இல்லாட்டியும் குதிரை தள்ளும். வேம்பா, நீயே ஏறு. மூணு சுத்து. கீழே விழுந்தா ஈட்டி உனக்கும் சேர்த்துத்தான்."

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஆயிரம் சேணம் தைத்தவன், ஒரு நாளும் குதிரை ஏறியவனில்லை! சடையன் மஞ்சளைத் துடைத்துவிட்டு, மெத்தென்று கம்பளியை மடித்துப் போட்டான். "பிடரி மயிரைப் பிடிச்சுக்குங்கண்ணே. அவ உங்களை விட மாட்டா," என்று தூக்கி உட்கார வைத்தான்.

முதல் சுற்றில் வேம்பன் கண்ணையே திறக்கவில்லை. இரண்டாம் சுற்றில் பவளத்தின் காது பின்னால் மடங்கியது. ஈட்டிக்காரன் ஒருவன் ஓரடி முன்னே வந்தான். காதோரம் உட்கார்ந்த ஈயை உதறிவிட்டுக் காது முன்னே திரும்பியது. மூன்றாம் சுற்றில் பவளம் தானாகவே மெல்லோட்டம் பிடித்தது, வேம்பன் அரிசி மூட்டை மாதிரி குலுங்கினான். விழவில்லை. ராசாவின் முன்னால் வந்து பவளம் அமைதியாக நின்றது.

சோதிடர் எப்போது நழுவினார் என்று யாரும் பார்க்கவில்லை. வேம்பன் வழுக்கி இறங்கி, தலை குனிந்து உட்கார்ந்தான். "குதிரை மேல குத்தமில்லே. எனக்கு என்ன தண்டனையோ கொடுங்க, மகாராசா."

ராசா அந்தச் சேணத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"முதல் நாளே சேணம் ஆடுனது எனக்குத் தெரியும், வேம்பா. சபையில புகழ்ந்துட்டு அதையே குறை சொல்ல வெட்கமா இருந்துச்சு. உன்னைத் தண்டிச்சா என்னை யாரு தண்டிக்கிறது?"

பிசகிய காலை இழுத்துக்கொண்டு ராசா சடையனிடம் நடந்து போனார். தன் பட்டு மேலாடையைக் கழற்றி, சாட்டைத் தடம் பதிந்த அவன் முதுகில் தன் கையாலேயே போர்த்தினார்.

தெரிந்துகொள்ளுங்கள்: தன் தவறைத் தானே சொல்லத் துணியாதவன், அதன் வலியைக் குற்றமறியாத இன்னொரு உயிரின் முதுகில் ஏற்றிவிடுகிறான்.