பத்து விரல் மாசானமும் ஒரு கோடி சவுக்கடியும்

கத்திரிக்காயால் ஓர் அரசாங்கமே ஆட்டம் கண்ட கதை இது.

மன்னர் கஜவீரர் தலைநகரில் ஒரு பெரிய சந்தை கட்டியிருந்தார். நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் அங்கே கடை போடலாம். நேரில் வரவேண்டியதில்லை, சரக்கை அனுப்பினால் போதும். கடைக்கு ஒரு முத்திரை மோதிரம் உண்டு. அதைச் சீட்டில் பதித்தால்தான் விலை மாறும், சரக்கு நகரும். தூரத்து ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? மோதிரத்தை நகரத்து முகவர்களிடம் கொடுத்து, "நீயே பார்த்துக்கொள்ளப்பா" என்று விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு முகவன்தான் மாசானம். பத்துக் கடைகளைக் கவனித்தான். பத்து விரலிலும் பத்து மோதிரம். நல்ல உழைப்பாளி. ஒரே சங்கடம், மோதிரத்தோடு தயிர்சாதம் பிசைய முடியாது. தினமும் மத்தியானம் பத்தையும் கழற்றி வைப்பான், சாப்பிட்டுக் கை கழுவி மறுபடி மாட்டுவான்.

ஒருநாள் மாற்றி மாட்டிவிட்டான்.

தேர்த்திருவிழாவுக்கு ராணி இருபது கூடை கண்ணாடி வளையல் கேட்டிருந்தார். 'அந்தப்புரத்துக்கு இருபது கூடை' என்ற சீட்டில், வளையல் விற்கும் உலகம்மையின் மோதிரத்துக்குப் பதில் காய்கறிக்கடை மோதிரம் பதிந்தது. அந்தப்புரத்தில் இருபது கூடை கத்திரிக்காய் வந்து இறங்கியது!

ராணி கோபத்தில், தீரும்வரை அதையே சமைக்கச் சொல்லிவிட்டார். காலையில் கத்திரிக்காய் கொத்சு. மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு. ராத்திரி சுட்ட கத்திரிக்காய்த் துவையல். நான்காம் நாள் மன்னர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"தர்மராயரே! உடனே சட்டம் போடும்!"

தலைமை அமைச்சர் தர்மராயர் இதற்காகவே காத்திருந்தவர். அவருடைய மைத்துனர் கோட்டை வாசலில் வளையல் கடை வைத்திருந்தார், ஈ ஓட்டிக்கொண்டு. வெளியூர்க் கடைகள் மூடினால் மைத்துனர் பிழைப்பார். அமைச்சர் ஆனந்தமாக எழுதினார்: 'ஒருவர் மோதிரத்தை இன்னொருவர் பதிக்கக் கூடாது. கடைக்காரரே நேரில் வரவேண்டும். மீறினால் முத்திரைக்கு நூறு சவுக்கடி. ஏற்கெனவே பதித்த முத்திரைகளுக்கும் உண்டு.'

மாசானம் பதித்தது இருநூறு முத்திரை. அதாவது இருபதாயிரம் அடி. நூறைத் தாண்டுவதற்குள் ஆள் போய்விடுவான்.

அவன் சபைப் புலவர் சிற்றம்பலத்தின் காலில் விழுந்தான். "சாமி, தப்புதான். தயிர்சாதத்தால வந்த தப்பு. உலகம்மையக்கா ஊர் பன்னெண்டு நாள் நடை. அவங்க எப்படி தெனமும் வந்து கடை திறப்பாங்க? அவங்க பொழப்பும் போச்சு, என் உசுரும் போச்சு!"

"அழாதே. நாளைக்குச் சபையில் சும்மா நில். வாயைத் திறக்காதே" என்றார் சிற்றம்பலம்.

மறுநாள் சபையில் மாசானத்தைத் தூணில் கட்டினார்கள். சவுக்கடிக்காரன் இருளப்பன் கையை ஓங்கினான்.

"மன்னா, ஒரு சின்ன சந்தேகம்" என்று எழுந்தார் சிற்றம்பலம். "இந்தச் சட்டம் எல்லாருக்கும்தானா?"

"எல்லாருக்கும்தான்! என் அரண்மனைக்கும்தான்!" என்று மன்னர் மார்தட்டினார்.

"மிக நேர்மை" என்று அமைச்சர் தலையாட்டினார்.

"அரண்மனைக்குப் பால் வருகிறது, எண்ணெய் வருகிறது, யானைக்குத் தீனி வருகிறது. சீட்டுகளில் ராஜ மோதிரத்தைப் பதிப்பது தாங்களா?"

"எனக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? தர்மராயரிடம் மோதிரத்தைக் கொடுத்துப் பதினொரு வருஷம் ஆகிறதே!"

அமைச்சர் தலையாட்டுவதை நிறுத்தினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு இருக்கும்?" என்று சிற்றம்பலம் எழுத்தரைக் கேட்டார்.

"முப்பதுக்குக் குறையாது ஐயா."

சிற்றம்பலம் விரல் மடக்கினார். உதட்டை அசைத்தார். "பதினொரு வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்து நானூற்றைம்பது முத்திரை. அடி ஒரு கோடியே இருபது லட்சத்துச் சொச்சம். ஏனப்பா இருளப்பா, ஒரு நாளைக்கு ஐந்நூறு அடிப்பாயா?"

"கஞ்சி குடிச்சா அடிப்பேன் சாமி."

"அப்படியென்றால் அறுபத்தாறு வருஷத்தில் முடித்துவிடலாம்."

இருளப்பன் சவுக்கைக் கீழே போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு இப்பவே அம்பது வயசு சாமி!"

அமைச்சர் துள்ளி எழுந்தார். "மன்னா! இந்தச் சட்டம்... கொஞ்சம் கொடுமையானது!"

"எழுதியது யார்?"

"கொடுமையாகத்தான் எழுதிவிட்டேன், மன்னா! இதோ மாற்றிவிடுகிறேன். எழுத்தரே, எழுதும்! சொந்தக்காரரின் மோதிரம் சொந்தக்காரரிடமே இருக்கட்டும். முகவருக்கு அவர் பெயர் பொறித்த தனி மோதிரம். விலை மாற்ற ஒன்று, சரக்கு அனுப்ப ஒன்று. கொடுத்த வேலைக்கு மேல் அது செல்லாது. பிடிக்காவிட்டால் சொந்தக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பழைய குற்றம் எல்லாம் மன்னிப்பு. எல்லாம்! எல்லாருக்கும்!"

இவ்வளவு நல்ல சட்டத்தை இவ்வளவு வேகமாக அவர் எழுதியதே இல்லை.

மாசானத்தை அவிழ்த்துவிட்டார்கள். அவன் அழுதுகொண்டே உலகம்மையின் வளையல்களை அனுப்ப ஓடினான். மன்னர் தன் பட்டுச் சால்வையை எடுத்துச் சிற்றம்பலத்தின் தோளில் போர்த்தினார்.

"சரி, புதுச் சட்டத்துக்கு முத்திரை ஆகட்டும்!"

பதினொரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அமைச்சர் மடியிலிருந்து ராஜ மோதிரத்தை எடுத்தார், மையில் தோய்த்தார், ஓலைக்குக் கொண்டுபோனார்.

இருளப்பன் சவுக்கை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"சாமி, புதுச் சட்டம் இன்னும் வரலியே. இந்த ஒரு முத்திரைக்கு நூறுதானே? இதை நான் இன்னைக்கே முடிச்சிடுவேன்!"

அமைச்சர் பதறி வீசிய மோதிரம் மன்னர் மடியில் போய் விழுந்தது. மன்னர் சிரித்த சிரிப்பில் முத்திரை கோணலாகத்தான் பதிந்தது.