முதல் குடத்துத் தண்ணீர்

வட சென்னையில் நான்கு அடுக்குமாடிகள் முகத்தோடு முகம் இடிக்க நிற்கும் ஒரு குடியிருப்பு. தொண்ணூற்றாறு வீடுகள். நடுவில் ஒரு லாரி திரும்பும் அளவுக்கு வெற்றிடம். தலையை நிமிர்த்தினால் வானம் தெரிவது அங்கே மட்டும்தான்.

அந்த இடத்தில் ஒரு மரம் வளர்த்தே தீருவது என்று கோதண்டம் கங்கணம் கட்டியிருந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் கன்றை ஆடு தின்றது. இரண்டாவதைக் கிரிக்கெட் பந்து முறித்தது. மூன்றாவதன் மேல் யாரோ பைக்கைச் சாய்த்துவிட்டார்கள். மனிதர் அசரவில்லை. நான்காவதாக ஒரு புங்கன் கன்றை நட்டு, இரும்புக் கூண்டு வைத்துப் பூட்டினார். சாவி அரைஞாணில். 'தொடாதே' என்று பலகை வேறு. காலையும் மாலையும் மூன்றாம் மாடியிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் இறக்கினார்.

வைகாசியில் அந்தச் செய்தி வந்தது. வெற்றிடம் முழுக்க சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்தப் போகிறார்களாம். ஆடி முதல் ஞாயிறு, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முடிவாகும்.

கோதண்டம் தன் குருவிடம் போனார். குரு என்றால் வேறு யாருமில்லை, வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தேசம்மாள்தான். கோதண்டத்தைவிடப் பதினைந்து வயது சின்னவர். பத்து வருடமாக இவருடைய கோபத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே சட்டை தேய்த்ததில் தானாகக் குருவாகிவிட்டார்.

"குருவே, செடியைக் காப்பாத்த ஒரு வழி சொல்லணும்."

தேசம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கடப்பாரை கீதா சார்?"

"இருக்கு."

"எடுத்துக்கினு வா. பூட்டத் தொற."

வேர் அறுபடாமல், மண்ணோடு கன்றைப் பெயர்த்தார் தேசம்மாள். குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு, வெற்றிடத்தின் மறுபக்கம் இருந்த அடி பம்பை நோக்கி நடந்தார்.

அந்தப் பம்பில் முதலில் வரும் தண்ணீர் துருப்பிடித்துச் சிவப்பாக இருக்கும். அதில் குடத்தைக் கழுவி ஊற்றிவிட்டுத்தான் எல்லாரும் நல்ல தண்ணீர் பிடிப்பார்கள். எல்லா வீட்டுக் கழுவு தண்ணீரும் விழுவது பம்புக்கு இரண்டடி தள்ளி ஒரே இடத்தில். தேசம்மாள் அங்கே குழி தோண்டினார்.

"ஐயோ, இங்க நூறு குடம் வந்து இடிக்குமேம்மா!"

"இடிக்கட்டும்."

"கூண்டையாவது வைக்கலாமே?"

"வாணாம். இன்னொண்ணு, நாளையிலேந்து நீ தண்ணி ஊத்தாத."

"செத்துப்போச்சுன்னா?"

"சாவட்டும் சார்."

கோதண்டத்துக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சொன்னதைக் கேட்டார். மூன்றாம் மாடிக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் நாளே ஒரு குடம் இடித்து ஒரு கிளை போனது. அடித்துப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினார். தேசம்மாள் இஸ்திரி வண்டியில் இருந்தபடியே 'விடு' என்பதுபோலக் கையை உயர்த்திக் காட்டினார். கோதண்டம் திரும்பி மாடி ஏறினார்.

இரண்டாவது வாரம், சி பிளாக் மும்தாஜ் துடைப்பக் கட்டை ஒன்றை நட்டு, அதோடு கன்றைச் சேர்த்துக் கட்டினாள். மூன்றாவது வாரம் பம்படியில் பெண்களுக்குள் ஒரு சண்டை.

"அல்லாரும் இங்கயே ஊத்தினா வேரு அழுகிடும்டீ. இன்னைக்கு அப்பால ஊத்து!"

"நீ மட்டும் ஊத்தின? என் பங்கு நான் ஊத்துவேன்."

ஆனி முடிவதற்குள் நான்கு புதுத் துளிர் விட்டது.

கூட்டத்துக்குக் கோதண்டம் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனார். செயலாளர் சபாபதி தீர்மானத்தைப் படித்து முடித்ததும் கோதண்டம் காகிதத்தைப் பிரித்தார். அதற்குள் மும்தாஜ் எழுந்துவிட்டாள்.

"பம்பாண்ட சிமெண்ட் போட்டா செடி இன்னா ஆவும்?"

"வண்டிய செவுத்தோரமா உட்டா ஆவாதா?" என்றது இன்னொரு குரல்.

"அங்க உட்டா தெருப்பக்கம் திரும்ப முடியாதும்மா," என்றார் சபாபதி.

"தள்ளிக்கினு போங்க!" இது நாலைந்து பேர் சேர்ந்து.

சபாபதிக்குச் சலிப்பாக இருந்தது. "ஒரு செடிக்கா இவ்ளோ? யாருது அது?"

கோதண்டம் வாயைத் திறந்தார்.

"எங்களுது," என்றாள் மும்தாஜ்.

"எங்களுதும்தான்," என்றார்கள் ஏ பிளாக் பெண்கள்.

அப்புறம் யார் எவ்வளவு ஊற்றினார்கள் என்று மறுபடி சண்டை கிளம்பியது. அந்தச் சத்தத்திலேயே தீர்மானம் கைவிடப்பட்டது. நாலு பக்கமும் பிரித்தபடியே கோதண்டத்தின் கையில் இருந்தன.

நேராக இஸ்திரி வண்டிக்கு வந்தார்.

"ரெண்டு வருஷம் மாடி ஏறி இறங்கினேன் தேசம்மா. ஒருத்தர்கூட என் பேரைச் சொல்லலை."

தேசம்மாள் ஒரு சட்டையை மடித்து முடித்தார்.

கோதண்டம் அரைஞாணில் இருந்த சாவியை அவிழ்த்தார். பையிலிருந்து கூண்டின் பூட்டையும் எடுத்து, இரண்டையும் வண்டியின் மேல் வைத்தார்.

"இதை நான் என்ன பண்றது?"

தேசம்மாள் மாடிப்படிக்குக் கீழே கை காட்டினார். அங்கே கோதண்டத்தின் பழைய சைக்கிள் சாய்ந்து நின்றது.

"அதுக்குப் போட்டுக்க சார். அது உன்னுது."