மகாராஜா சொன்னது: மாம்பழம் புளிக்கிறது

முன்னொரு காலத்தில், தண்டோராச் சத்தம் கேட்டால் ஜனங்கள் வெளியே வருவதற்குப் பதிலாகக் கதவைச் சாத்திக்கொள்ளும் நாடு ஒன்று இருந்தது. ஜனங்கள் பொல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தண்டோராவை ஒருநாள் கேட்டிருந்தால் நீங்களும் நானும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டிருப்போம்.

சேதி சொல்வதற்கு முன்னால் மகாராஜாவின் பட்டப்பெயர்கள் அத்தனையையும் சொல்லியாகவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். பட்டங்களைக் கட்டிக்கொடுப்பவர் அரண்மனைப் புலவர் மார்க்கசகாயர். மகாராஜா தும்மினால் ஒரு பட்டம், தும்மல் நின்றால் இன்னொரு பட்டம். 'நாளைக்கு அணை திறக்கிறார்கள், ஆற்றுப் பக்கம் போகாதீர்கள்' என்று சொல்ல ஒருமுறை தண்டோராக்காரன் கிளம்பினான். பட்டங்களைச் சொல்லி முடித்து அவன் அணைச் சேதிக்கு வருவதற்குள் மறுநாள் பொழுதே விடிந்துவிட்டது. ஆற்றங்கரையில் மேய்ந்த ஆடுகளை வெள்ளம் கொண்டுபோயிற்று.

ஆடு போனதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வருஷம் வடக்கே எல்லைக் கோட்டையில் சண்டை. வீட்டுக்கு வீடு வாலிபர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களைப் பற்றி ஒரு சொல் திரும்பி வரவில்லை. கோட்டையில் படையை நடத்திய தளவாய் 'வெற்றி, வெற்றி' என்று மட்டும் சொல்லியனுப்புவார். அதற்கும் மார்க்கசகாயர் ஒரு பட்டம் கட்டுவார். கோட்டைக்குப் போனவன் என்ன ஆனான் என்று கேட்பதே அபசகுனம், கேட்டால் சவுக்கடி என்று தளவாய் உத்தரவு போட்டிருந்தார். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது.

வெந்தவர்களில் ஒருவன் அரண்மனை விகடன் இருளப்பன். அவனுடைய ஒரே தம்பி வேலாண்டியும் கோட்டைக்குப் போனவன்தான். தம்பி மனைவி செண்பகம் இருளப்பன் வீட்டில்தான் இருந்தாள். தினமும் புருஷனுக்கென்று ஒரு கும்பா சோறு எடுத்து வைத்து, ராத்திரி தண்ணீர் ஊற்றி மூடுவாள். காலையில் அந்தப் பழையதை நாய்க்குப் போடுவாள், மாட்டுக்குப் போடுவாள், தானே குடித்தும் விடுவாள். காக்கைக்கு மட்டும் வைக்கமாட்டாள். காக்கைக்கு வைப்பது செத்தவர்களுக்கு வைப்பதல்லவா? சுவரில் காக்கை வந்து கத்தினால் கல்லை எடுத்து விரட்டுவாள்.

ராஜாவின் பக்கத்திலேயே இருப்பவன், ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பாவம், அவன் கேட்காமல் இல்லை. "மகாராஜா, என் தம்பி உயிரோடு இருக்கிறானா?" என்று கண் கலங்கக் கேட்டான். மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அழுகிற மாதிரி எப்படியடா முகத்தை வைத்துக்கொள்கிறாய்!" என்று வெற்றிலைத் தட்டை அவன் பக்கம் தள்ளினார். விகடன் வாயிலிருந்து எது வந்தாலும் அவருக்கு விகடம்தான். அன்றைக்கு இருளப்பன் தன் பிழைப்பை நினைத்துத் தானே காறித் துப்பினான்.

இப்படி இருக்கையில் ஒருநாள் மகாராஜா உப்பரிகையில் நின்று தெருவைப் பார்த்தார். தண்டோரா போகப் போகக் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் வாக்கைக் கேட்க ஜனங்கள் ஓடிவர வேண்டும். இந்தத் தண்டோரா வேண்டாம். புதிதாக ஓர் ஏற்பாடு செய்யுங்கள்!" என்றார் சபையில்.

மார்க்கசகாயர் முந்திக்கொண்டார். "மகாப்பிரபு, யானைமேல் பேரிகை வைப்போம். முன்னால் நாட்டியம், பின்னால் நாகசுரம். பட்டங்களையும் இரண்டு மடங்காக்கித் தருகிறேன்."

செய்தார்கள். கதவுகளோடு ஜன்னல்களும் சாத்திக்கொண்டன. யானை ஒருவர் வீட்டு வாழைத்தோட்டத்தைத் தின்றுவிட்டு வந்தது.

சபையில் மகாராஜா பல்லைக் கடித்தார். பழியைத் தள்ள ஒரு தலையைத் தேடிய மார்க்கசகாயரின் கண் இருளப்பன்மேல் விழுந்தது. "பிரபு, ஜனங்களைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவரிடமே இதை ஒப்படைக்கலாமே. தேர்த் திருவிழாவுக்குள் ஜனங்கள் ஓடிவர வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. மகாராஜாவின் திருவாயிலிருந்து வந்த சொல்லைத்தான் விகடர் எடுத்துச்செல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டினாலும் குறைத்தாலும் அவருடைய நாக்கை அறுத்துவிட வேண்டும்."

அரசர் பேச்சை அப்படியே சொன்னால் எவன் ஓடிவருவான்? சுவை சேர்த்தால் நாக்குப் போகும். புலவர் போட்ட கண்ணி அது. மகாராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

இருளப்பன் தண்டோராவைத் தொடவில்லை. வீடு வீடாகப் போய், "உங்களுக்கு என்ன சேதி தெரிஞ்சா போதும்?" என்று கேட்டான். இதுவரை அந்த நாட்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. ஜனங்கள் முதலில் முழித்தார்கள். எண்ணெய்க்காரர் மட்டும், "அணை எப்பத் திறப்பாங்கன்னு முன்கூட்டியே சொல்லுங்க சாமி" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "என் மவன் கோட்டைக்குப் போனான்..." அதற்குமேல் சொல்லாமல் எண்ணெய்க் குடத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

பானைக்காரத் தெருவில் பேச்சியம்மை என்பவள் சக்கரத்தை நிறுத்தாமலே, "எம் புருசன் இருக்காரா இல்லையா? எனக்கு வேற என்ன சேதி வேணும்?" என்றாள். எந்த வீட்டுக்குப் போனாலும் இதேதான்.

சாயங்காலம் இருளப்பன் ஓய்ந்து வீட்டுக்கு வந்தான். செண்பகம் கும்பாவில் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் பூரா கேட்டீகளாம். எங்கிட்ட மட்டும் கேக்கலையே அத்தான்" என்றாள்.

இருளப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. "சொல்லு தாயி."

"நல்லதோ கெட்டதோ, தெருவுல நின்னு கத்தக்கூடாது. வாசலுக்கு வரணும். எங்கிட்ட முதல்ல சொல்லணும். சுத்தி வளைக்காம சொல்லணும். அம்புட்டுதான்."

யானையும் பேரிகையும் கண்டுபிடிக்காத ஏற்பாட்டை அவள் கும்பாவை மூடுகிற நேரத்தில் சொல்லிவிட்டாள்.

மறுநாள் மகாராஜா மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இருளப்பன் போய்க் கும்பிட்டு நின்றான். "மகாராஜா, பானைக்காரத் தெரு பேச்சியம்மை கேட்கிறாள்: கோட்டைக்குப் போன என் புருஷன் இருக்கிறாரா, இல்லையா?"

மகாராஜா அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். கதுப்பைக் கடித்து முகத்தைச் சுளித்தார். "இந்த மாம்பழம் புளிக்கிறது" என்றார்.

"உத்தரவு" என்று இருளப்பன் திரும்பினான்.

பேச்சியம்மையின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அவளை மட்டும் கூப்பிட்டான். "நீ கேட்டதை ராசாகிட்ட கேட்டேன். மகாராஜா சொன்னது: இந்த மாம்பழம் புளிக்கிறது."

பேச்சியம்மை அவனை வெறித்துப் பார்த்தாள். பைத்தியமா என்றுகூட நினைத்திருப்பாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நெசமாவே கேட்டீகளா? எம் புருசன் பேரச் சொல்லி, ராசா காதுல விழற மாதிரி?"

"கேட்டேன் தாயி."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பதில் பாழாய்ப் போகட்டும். கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டதல்லவா?

அதன்பிறகு இருளப்பனுக்கு நிற்க நேரமில்லை. அவன் கேட்கக் கேட்க மகாராஜா எதையாவது சொல்வார். 'எனக்கு எப்படித் தெரியும்?' என்பார். 'முதுகைச் சொறி' என்பார். கொட்டாவி விட்டு, 'பிறகு பார்க்கலாம்' என்பார். அவன் ஒவ்வொன்றையும் கூட்டாமல் குறைக்காமல் அந்தந்த வாசலில் இறக்கிவைப்பான். எண்ணெய்க்காரருக்குக் கிடைத்தது 'முதுகைச் சொறி'. அவர் அதைக் கேட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

தம்பியைப் பற்றி மட்டும் இருளப்பன் மறுபடி கேட்கவில்லை. மற்ற வாசல்களில் சொல்வதைத் தன் வீட்டு வாசலில் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தேர்த் திருவிழாவன்று காலையில் மகாராஜா உப்பரிகைக்கு வந்தார். அரண்மனை வாசலில் ஊர் முழுக்கத் திரண்டு நின்றது. தண்டோராவும் இல்லை, யானையும் இல்லை. விகடன் இன்றைக்கு என்ன பதில் வாங்கி வருவான் என்று காத்திருந்தார்கள். கூச்சல் இல்லை. அவ்வளவு கூட்டம் அவ்வளவு அமைதியாக நிற்பதைப் பார்த்தால் வேறு எந்த ராஜாவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்.

இந்த மகாராஜாவுக்கு அது உறைக்கவில்லை. "பார்த்தீரா புலவரே! ஓடிவந்துவிட்டார்கள்!" என்று குதித்தார்.

விஷயத்தை அதற்குள் மோப்பம் பிடித்துவிட்ட மார்க்கசகாயர் காலில் விழுந்தார். "பிரபு, மோசம் போனோம்! விகடர் தெருத் தெருவாகத் தங்களை அவமானப்படுத்துகிறார். தாங்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்கிறார். நாக்கை அறுக்க உத்தரவிட வேண்டும்!"

மகாராஜா பேச்சியம்மையை உள்ளே அழைத்தார். "பெண்ணே, பயப்படாதே. விகடர் உன்னிடம் என்ன சொன்னார்?"

"மாம்பழம் புளிக்குதுன்னு நீங்க சொன்னீகளாம் ராசா."

"நீ என்ன கேட்டிருந்தாய்?"

"எம் புருசன் உசுரோட இருக்காரான்னு கேட்டேன்."

மகாராஜாவுக்கு அந்த மாம்பழம் நினைவு வந்தது. அதன் புளிப்புக்கூட நினைவு வந்தது. கேள்வி மட்டும் நினைவில் இல்லை.

"பார்த்தீர்களா பிரபு!" என்று புலவர் துள்ளினார். "நாக்கை..."

இருளப்பன் கும்பிட்டான். "புலவர் சொல்வது நியாயம்தான் மகாராஜா. ஆனால் ஒரு சந்தேகம். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூட்டை சுமந்தவனை விட்டுவிட்டு, மூட்டைக்குச் சொந்தக்கார நாக்கைத் தேடினால், புலவர் கத்தியோடு எங்கே போய் நிற்பார்?"

மார்க்கசகாயர் தன்னையறியாமல் மகாராஜாவின் வாயைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

மகாராஜா சிரித்தார். தூண் அதிரச் சிரித்தார். சபை முழுதும் கூடச் சிரித்தது. பேச்சியம்மை மட்டும் சிரிக்காமல் நின்றாள். அவளைப் பார்த்ததும் மகாராஜாவின் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றிப்போயிற்று. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "ஜெயித்துவிட்டாய் இருளப்பா. இதை வாங்கிக்கொள்."

"மாலை வேண்டாம் மகாராஜா. ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. என் தம்பி மனைவி செண்பகம் கேட்கிறாள்: கோட்டைக்குப் போன என் புருஷன் வேலாண்டி இருக்கிறாரா, இல்லையா?"

பழக்க தோஷத்தில் மகாராஜாவின் உதடு சிரிக்கப் போயிற்று. நின்றது. 'எனக்கு எப்படித்...' என்று வாயெடுத்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். சொன்னால் அது அப்படியே ஒரு வாசலுக்குப் போய்விடும். எதைச் சொன்னாலும் போய்விடும். மகாராஜாவாகி இத்தனை காலத்தில், பேசுவதற்கு அவர் பயந்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் ஒரே ஒரு சொல் சொன்னார். "குதிரை."

தேர் இழுக்க மகாராஜா இல்லாமலே திருவிழா நடந்தது. வடக்கேயிருந்து அவர் திரும்பி வந்தபோது முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தளவாயை விலங்கு போட்டுக் கூட்டி வந்திருந்தார். வெற்றி என்பதெல்லாம் பொய். கோட்டைக்குள் இருந்தவர்கள் கொஞ்சம். வெளியே மண்மேட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நிறைய. அவர் ஒவ்வொரு பெயராகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"இனிமேல் இதுதான் ஏற்பாடு" என்றார். "தண்டோரா கிடையாது. பட்டம் கிடையாது. வாசலில் கேட்பது என்னிடம் வரவேண்டும். என் பதில் அந்த வாசலுக்கே போகவேண்டும்." இருளப்பனுக்கு ஆற்றுப் பாசனத்தில் நிலமும் எழுதினார். அவன் வாங்கிக்கொண்டான், சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

சுமக்க வேண்டிய பதில்கள் நிறைய இருந்ததால் மார்க்கசகாயரையும் அனுப்பினார்கள். முதல் வாசலில் பழக்கத்தில், "மூவுலகும் போற்றும்..." என்று தொடங்கினார். அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இருக்காரா இல்லையா?" என்றாள். "இல்லையம்மா" என்றார் புலவர். அதற்குப் பிறகு அவர் பட்டம் கட்டவே இல்லை.

எண்ணெய்க்காரர் மகனுக்கு ஒரு கால் போய்விட்டது, ஆனால் வருகிறான். பேச்சியம்மையின் புருஷன் இருக்கிறான். அதைக் கேட்டதும் அவள் பிசைந்து வைத்திருந்த களிமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற வாசல்களைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் மனசு இருக்கிறது.

எல்லா வாசலுக்கும் போய்விட்டுக் கடைசியாக இருளப்பன் தன் வீட்டுக்கு வந்தான். உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். செண்பகம் வெளியே வந்து, அவன் நிற்கிற நிலையைப் பார்த்தாள்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க அத்தான்."

"மகாராஜா சொன்னது: வேலாண்டி இல்லை. மழை தொடங்கும்போதே போய்விட்டான். பக்கத்தில் இருந்தவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது அம்பு பட்டது. அவன் அண்ணன் அழுது கேட்டபோது நான் சிரித்தேன். என்னை மன்னிக்கச் சொல்."

கடைசி இரண்டும் தனக்கு வந்த வார்த்தைகள் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் குறைக்கக் கூடாதல்லவா? அதையும் சொல்லி முடித்த பிறகுதான் அந்த விகடன், ஊரைச் சிரிக்கவைத்த மனுஷன், நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலையில் செண்பகம் தலைமுழுகிவிட்டு வந்தாள். கும்பாவைத் திறந்தாள். பழையதைப் பிழிந்து ஒரு கவளம் எடுத்துச் சுவரின்மேல் வைத்தாள். இத்தனை நாள் கல்லடி பட்ட காக்கை பயந்து முருங்கை மரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"கா... கா..." என்று அவளே கூப்பிட்டாள். காக்கை அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். இருளப்பனும் பக்கத்தில் வந்து நின்று கூப்பிட்டான்.

காக்கை இறங்கி வந்து தின்றது.