குடுக்கைக்குள் தூங்கிய பயம்

முன்னொரு காலத்தில், மரங்கள் வெட்டுப்படாமல் கிழடாகித் தாமாகவே சாய்ந்த காலத்தில், கருங்காலிக் காட்டில் கடுகன் என்றொரு சித்திரக்குள்ளன் இருந்தான். ஆள் முழங்கால் உயரம்தான். தாடி மட்டும் தரையைக் கூட்டும்.

மனித சகவாசமே வேண்டாமென்று, காட்டைச் சுற்றி மந்திரத்தால் முள்வேலி வளர்த்திருந்தான். ஆனால் விலங்குகள் என்றால் அவனுக்கு உயிர். அவையோ அவனைக் கண்டாலே ஓடின. பாவம், எத்தனை நாள்தான் தனியாகவே இருப்பான்? ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவற்றின் பயத்தையெல்லாம் மந்திரம் போட்டு இழுத்து, ஒரு சுரைக்குடுக்கையில் அடைத்துவிட்டான். அப்புறமென்ன, காடே அவன் மடியில் வந்து படுத்தது!

ஒரு கோடையில், அமரகேது என்ற இளவரசன் வேலிக்கு வெளியே தாகத்தால் மயங்கிக் கிடந்தான். கடுகன் மனமிரங்கி முள்ளை விலக்கி, தண்ணீர் கொடுத்துத் தெளியவைத்து உள்ளே கூட்டிவந்தான்.

கடுகன் பால் புகட்டி வளர்த்த மான்குட்டி சுட்டி வந்து, இளவரசனின் கையை நக்கியது.

"என்னப்பா, இதுக்குப் பயமே இல்லையா?"

"பயமா? அது என் குடுக்கைக்குள்ளே தூங்குது!"

கரடி வந்து முகர்ந்தது. "இதுக்குமா?"

"பயமா? அது என் குடுக்கைக்குள்ளே தூங்குது!"

யானை வந்து துதிக்கையால் இளவரசனின் தலையைத் தடவியது. இந்தமுறை அவன் கேட்கவே இல்லை. கடுகனே முந்திக்கொண்டு சொன்னான்.

"உன்னை மாதிரி கெட்டிக்காரன் எங்க அரண்மனையிலகூட இல்லை!" என்றான் இளவரசன். விலங்குகளுக்குப் பாசம் காட்டத் தெரியும், பாராட்டத் தெரியாதே! கடுகனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"மறுபடி வருவேன். வழியை அடைச்சிடாதே."

"நீ வர்ற வழியை நான் ஏன் அடைக்கப்போறேன்?"

அங்கேதான் அவன் புத்தி பிசகியது.

இளவரசன் வந்தான். பின்னாலேயே வேட்டைக்காரர்களும் வந்தார்கள். முதலில் வரவேற்க ஓடியது கிழட்டு மிளாமான். அதன் மார்பில் அம்பு பாய்ந்தது. ஏனென்று புரியாமலே விழுந்தது. மற்றவை அப்போதும் மூக்கை நீட்டிக்கொண்டு கிட்டே போயின.

"ஓடுங்க! ஐயோ, ஓடுங்களேன்!" என்று கதறினான் கடுகன். எப்படி ஓடும்? ஓடச் சொல்கிற பயம்தான் குடுக்கைக்குள் தூங்குகிறதே!

சுட்டி துள்ளிக்கொண்டு இளவரசனின் கையை நக்கப் போனது. அவன் வில்லை வளைத்தான்.

குடுக்கை உடைந்தால் மந்திரமும் தீர்ந்தது. பயத்தை மறுபடி அடைக்க முடியாது. விலங்குகள் கடுகனைக் கண்டும் பயப்படும். எல்லாம் தெரிந்துதான் குடுக்கையைப் பாறையில் ஓங்கி அடித்தான்.

படீர்!

மான்கள் சிதறி ஓடின. அம்பு வெறும் மண்ணில் குத்தியது. மிரண்ட யானைகள் கிளம்பிய வேகத்தில், இளவரசனும் ஆட்களும் வில்லைப் போட்டுவிட்டு ஓட்டமெடுத்தார்கள். கடுகன் வேலியை இறுக்கி மூடினான்.

"சுட்டி, நான்தாண்டி கண்ணு!" என்று புதரருகே போனான். சுட்டி காதை விறைத்துப் பார்த்தது. ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

"எனக்குத் துணை வேணும்னு உங்க காலைக் கட்டிப்போட்டேனே!" என்று மிளாமானைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்து அழுதான்.

இப்போதும் மான்கள் சுனைக்கு வரும் வேளையில், கடுகன் காற்றடிக்கும் திசையைப் பார்த்து, மான்கள் பக்கமிருந்து காற்று தன்மேல் வீசும் இடத்தில் போய் உட்காருவான். அவன் வாடை பட்டால் சுட்டி தண்ணீர் குடிக்காமல் போய்விடும். அதற்கு இப்போது ஒரு குட்டி இருக்கிறது. அதுவும் நன்றாக ஓடுகிறது.